வரலாற்றில் ஆனர்ஸ்: ஆய்வேட்டைக் கெடுக்கும் தவறுகள்

வரலாற்றுத் துறையில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்கள்தான் ஆனர்ஸ் ஆய்வேட்டில் அதிகம் திணறுகிறார்கள். இதில் வியப்பில்லை. அதுவரை அவர்கள் வாங்கிய மதிப்பெண் எல்லாம் வேறு யாரோ கேட்ட கேள்விக்கு, வேறு யாரோ கண்டுபிடித்த விடையைப் பிசகில்லாமல் எழுதியதற்குக் கிடைத்தது. ஆய்வேட்டில் கேள்வியையும் மாணவரே கேட்க வேண்டும். விடை எந்த ஆவணக் கட்டில் கிடக்கிறது என்பதையும் அவரே தேட வேண்டும். தேர்வுக்குப் படித்த பழக்கத்திலேயே இந்த வேலையையும் செய்யப் பார்ப்பதுதான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

முதலில் விதிமுறை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் விரும்பினால் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவுக்குப் போகலாம்; அதில் 12 கிரெடிட் ஆய்வேட்டுக்கு உரியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022இல் சேர்ந்தவர்களிலிருந்து நான்காண்டு முறை நடக்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. வரலாறு மூன்றாண்டுப் படிப்பாகவே இருக்கிறது. இருந்தாலும் இறுதியாண்டில் பிராஜக்ட் வைக்கும் கல்லூரிகள் நிறைய உண்டு. இலங்கையில் சிறப்புப் பட்டம் படிப்பவர்களும் நான்காம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். அந்த 75 சதவீதத்தை ஐந்தாவது செமஸ்டரில் நினைத்துக்கொள்வது பயன் தராது. ஆறு செமஸ்டரும் சேர்ந்த கணக்கு அது. முதலாண்டில் ‘இது வெறும் மொழிப் பாடம்தானே’ என்று விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி ஆய்வேட்டுக்கு வருவோம். ஒரே தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் விளங்கும் என்பதால், 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தையே எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தலைப்பு இது. விழக்கூடிய குழிகள் எல்லாமே இதில் இருக்கின்றன.

ஊரை வளைக்கும் தலைப்பு

‘19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் பஞ்சங்கள்’ என்று முன்மொழிவு கொடுப்பார்கள். ஒருவர் பத்தாண்டு உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம் இது. ஒரு கல்வியாண்டுக்குள் எழுதினால், ஏற்கெனவே வந்த நூல்களின் சுருக்கத்தைத் தவிர வேறெதுவும் தேறாது. தலைப்பைச் சுருக்கச் சொன்னால் ‘சேலம் மாவட்டத்தில் பஞ்சங்கள்’ என்று ஊரை மட்டும் சுருக்குகிறார்கள். சுருங்க வேண்டியது கேள்வி.

1877–78இல் பஞ்ச நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரப் பகுதி அது. அந்த வேலைக்கு யார் வந்தார்கள், எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், கூலி எப்படி நிர்ணயமானது, வேலையை விட்டு ஓடியவர்களைப் பற்றி அதிகாரிகள் என்ன எழுதினார்கள் என்று கேட்கலாம். பொதுப்பணித் துறை ஆவணங்கள், வருவாய்த் துறை ஆவணங்கள், அந்த ஆண்டுகளின் நிர்வாக அறிக்கைகள் என்று தேட வேண்டிய இடத்துக்கு எல்லை விழுந்துவிடுகிறது. எந்த மூலத்தைக் கொண்டு விடை சொல்வது என்று காட்ட முடியாத கேள்வியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல் மாதத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான தவறு, விடையைக் கையில் வைத்துக்கொண்டு தலைப்புத் தேடுவது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எழுத ஆண்டுதோறும் யாராவது ஒருவர் வருவார். நாவலும் திரைப்படமும் செய்த வேலை. ஆசையில் தவறில்லை. ஆனால் கையில் இருக்கும் முக்கியச் சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் உள்ள, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களின் பெயரைச் சொல்லி, அவர்களும் உறவினரும் இழந்த சொத்து விற்கப்படுவதைப் பேசுகிறது அது. ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. உத்தம சோழன் மீது சந்தேகம் எழுப்பிய வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியும் அதை மறுத்தவர்களும் இந்தக் கல்வெட்டைச் சுற்றித்தான் வாதாடினார்கள். இந்த வாதம் எப்படி வளர்ந்தது என்று எழுதினால் அது ஆய்வேடு. ‘கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எழுதினால் இன்னொரு நாவல், அதுவும் நடை குறைந்த நாவல்.

ஆண்டைப் பிழையாகப் படிப்பது

பலரும் சிறிய விஷயம் என்று நினைப்பது இது. அட்டவணை முழுவதையும் கவிழ்த்துவிடக்கூடியது.

ஊரில் அந்தப் பஞ்சத்தின் பெயர் தாது வருஷப் பஞ்சம். தாது வருடம் 1876 ஏப்ரல் நடுவில் பிறந்து 1877 ஏப்ரல் நடுவில் முடிந்தது. வருவாய்த் துறைக் கணக்குகளில் ஏறக்குறைய அதே காலம் பசலி 1286 என்று வரும்; பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்ற சூத்திரத்தைப் போட்டு 1876 என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பசலி 1876 ஜூலை 1இல் தொடங்கி 1877 ஜூன் 30இல் முடிகிறது. பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களோ ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டில் இருக்கும்.

பசலி 1286இன் விளைச்சலை 1876இன் இறப்புகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு வரைபடம் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1876இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது அக்டோபருக்குப் பிறகு. அதனால் வந்த சாவுகளின் பெரும்பகுதி 1877இன் கணக்கில் விழுகிறது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு விளைச்சல் விழுந்தும் மக்கள் அவ்வளவாகச் சாகவில்லை என்று தோன்றும். மாணவர் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதியிருப்பார். அறுபதாண்டுச் சுழற்சியிலும் கவனம் வேண்டும்: தாது 1936லும் வந்தது, 1996லும் வந்தது. ஒரு பாட்டில் தாது என்று இருப்பதாலேயே அது 1876 ஆகிவிடாது.

எண்களிலும் இதே அவசரம். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் சுமார் 3.12 கோடிப் பேர். 1881இல் சுமார் 3.08 கோடி. கழித்துப் பார்த்துவிட்டு ‘பஞ்சத்தில் இறந்தவர்கள் நான்கு லட்சம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பஞ்சம் வராமல் இருந்திருந்தால் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை கூடியிருக்கும் அல்லவா? பஞ்சத்தில் பிறப்பும் குறைந்தது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் உண்டு. 1871இன் கணக்கெடுப்பே எல்லோரையும் எண்ணி முடித்ததா என்ற சந்தேகமும் உண்டு. இவற்றைச் சொன்ன பிறகும் எண் வேண்டுமென்றால், யாருடைய மதிப்பீடு, அதை எப்படிப் போட்டார்கள் என்று எழுதிவிட்டுக் கொடுக்கலாம்.

அரசு சொன்னது என்றால் எந்த அரசு?

‘ஆங்கிலேய அரசு இப்படிக் கருதியது’ என்ற வாக்கியம் ஆய்வேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆவணக் கட்டைப் பிரித்தால் அதற்குள் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைச் சாப்பிட்டுவிட்டு மண்வெட்டி பிடிக்க வேண்டும். இதைப் பகிரங்கமாக எதிர்த்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ். அவரும் அரசு அதிகாரிதான். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மருத்துவக் காரணங்களோடு எழுதினார். டெம்பிள் பதில் எழுதினார். இருவரின் கடிதங்களும் அச்சிலேயே கிடைக்கின்றன.

டெம்பிளின் குறிப்பை மட்டும் படித்த மாணவர் ‘கொடுங்கோல் அரசு’ என்று முடித்துவிடுவார். கார்னிஷை மட்டும் படித்தவர் ‘மனிதாபிமானமுள்ள அதிகாரிகளும் இருந்தார்கள்’ என்று முடிப்பார். அந்தக் குறிப்பு யாருக்கு எழுதப்பட்டது, எழுதியவருக்கு மேலே இருந்தவர் எதை எதிர்பார்த்தார், செலவு யார் தலையில் விழுந்தது என்று கேட்கும்போதுதான் வரலாற்று மாணவரின் வேலை தொடங்குகிறது. பாசனமும் நிலவரியும் போல வறண்ட தலைப்பாக இருந்தாலும் இந்தக் கேள்விகளை விட்டுவிடக் கூடாது.

இந்தக் கடிதப் போரில் பட்டினி கிடந்தவர் குரல் இல்லை. அதைத் தேட வேறு இடத்துக்குப் போக வேண்டும். பஞ்சத்தைப் பற்றிக் கும்மிகளும் சிந்துகளும் சிறு நூல்களாக வந்தன. மதுரைச் சொக்கநாதரே தம் அடியாரைக் காப்பாற்றச் சொல்லிச் சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுவதாக ஒரு கிண்டல் நூலைப் பாடினார் வில்லியப்ப பிள்ளை. தமிழில் இப்படிப்பட்டவை இருக்க, அடிக்குறிப்பு முழுவதையும் ஆங்கில நூல்களால் நிரப்புவது நம் மாணவர்களிடம் மட்டும் காணும் விநோதம். தமிழ் மூலத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்பது ஒரு பெரிய அனுகூலம். அதைக் கூச்சத்தால் மறைத்துவைக்கிறார்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய சிறு வெளியீடுகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆவணக் காப்பகத்தில்

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் ‘பஞ்சம் பற்றி இருப்பதை எல்லாம் கொடுங்கள்’ என்று கேட்டால் எதுவும் வராது. அரசாணை எண், துறை, நாள் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வரும். அவற்றைத் துறைவாரியாக உள்ள ஆண்டு அட்டவணைத் தொகுதிகளில் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சான நூல்களின் அடிக்குறிப்புகளிலிருந்து எண்களை முன்கூட்டியே எடுத்துப் போகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். கல்லூரிக் கடிதம் இல்லாமல் போய் வாசலிலிருந்து திரும்புவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் கைபேசியில் நூற்றுக்கணக்கில் எடுத்துக் குவிக்கிறார்கள். எந்தப் பக்கம் எந்த அரசாணையைச் சேர்ந்தது என்று இரண்டு மாதம் கழித்துத் தெரியாது. ஒவ்வொரு கோப்பின் முதல் படமும் அதன் எண்ணும் நாளும் எழுதிய சீட்டாக இருக்கட்டும். அன்று மாலையே, எடுத்ததில் என்ன இருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதிவிட வேண்டும். ‘தரவு எல்லாம் சேர்ந்த பிறகு எழுதலாம்’ என்பவர்கள் பிப்ரவரியில் என் அறைக்கு வரும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேற்கோள் காட்டுவதில் அடிக்கடி நடக்கும் ஒரு பொய் இருக்கிறது. சுதேசிப் பத்திரிகைகளில் வந்தவற்றை அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் காப்பகத்தில் உண்டு. அந்தச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, பத்திரிகையையே படித்ததுபோல அடிக்குறிப்புப் போடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்ந்தார், எதை விட்டார் என்பதே ஒரு கேள்வி. அறிக்கையைப் படித்திருந்தால் அறிக்கையைத்தான் குறிப்பிட வேண்டும்.

இப்போது இதற்கு மேலும் ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, அது கொடுத்த அடிக்குறிப்பை அப்படியே ஒட்டுவது. 1877 பஞ்சத்துக்கு அந்த ஆண்டுச் சுதேசமித்திரன், இந்து பத்திரிகைகளிலிருந்து மேற்கோள் வந்தால் தேர்வாளருக்கு வேலை சுலபம். இந்து தொடங்கியது 1878 செப்டம்பரில், சுதேசமித்திரன் 1882இல்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பெயரைப் பார்க்கிறார்கள். துறையில் பெரிய பெயர் உள்ளவர் கருத்தரங்குக்காக மாதம் இருமுறை ஊரில் இல்லாமல் போகலாம். வரைவைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஓரத்தில் கிறுக்கித் திருப்பித் தருபவர் யார் என்று சீனியர்களைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

வாய்மொழித் தேர்வில், பார்க்க முடியாமல் போன ஆவணங்களைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தேர்வாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். மாவட்ட அளவிலான கோப்பு கிடைக்கவில்லை, அதனால் இந்த முடிவு நகரப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்று முன்னுரையிலேயே இரண்டு வரி எழுதிவிட்டால், அந்தக் கேள்வி வரும்போது பக்க எண்ணைச் சொன்னால் போதும்.