பாஸ்வேர்டை மாற்றியும் காணாமல் போன மெயில்கள்

"மேடம், ரிப்போர்ட்டை மூணு தடவை அனுப்பிட்டேன்" என்றாள் இறுதியாண்டு மாணவி. என் ஜிமெயிலில் எதுவும் இல்லை. மறுநாள் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள்.

ஸ்பேமில் தேடினேன், இல்லை. ஜிமெயில் தரும் 15 ஜிபி இடம் நிரம்பிவிட்டதோ என்று பழைய மெயில்களை அழித்தேன். பயனில்லை. முந்தின வாரம் 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று வந்த மெயிலை நம்பி பாஸ்வேர்டு கொடுத்தது அப்போதுதான் உறைத்தது. உடனே மாற்றினேன். அப்படியும் மெயில்கள் வரவில்லை. நான்கு நாள் வீண்.

பிறகுதான் கவனித்தேன்: பிடிஎஃப் இணைத்து அனுப்பியவர்களின் மெயில் வருகிறது, டிரைவ் லிங்க் அனுப்பியவர்களுடையது மட்டும் வரவில்லை. டிராஷைத் திறந்தால் எல்லாம் அங்கே கிடந்தன, ஏற்கெனவே படித்தவை போல.

வரும் மெயில்களைத் தானாகவே அழிக்கவோ ஒதுக்கவோ வைக்கும் விதிதான் ஃபில்டர்; அதுதான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. ஃபோன் ஆப்பில் ஃபில்டர்களைப் பார்க்க முடியாது. கம்ப்யூட்டரில் பிரௌசர் வழியாக செட்டிங்ஸுக்குள் போனேன். 'லிங்க்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் படித்ததாகக் குறித்து அழித்துவிடு என்று நான் போடாத ஃபில்டர் ஒன்று இருந்தது. என் பாஸ்வேர்டை வாங்கி என் பெயரில் மோசடி மெயில் அனுப்பியவன், "இந்த லிங்க் நீங்க அனுப்பினதா?" என்று கேட்டு வரும் பதில்கள் என் கண்ணில் படக்கூடாதென்று வைத்திருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றினால் ஃபில்டர் போகாது; அதைத் தனியாகத்தான் நீக்க வேண்டும்.

நீக்கினேன். ஃபார்வர்டிங்கில் (மெயில்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் வசதி) வேறு முகவரி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் போட்டேன். டிராஷில் மெயில்கள் 30 நாள் இருக்கும் என்பதால் 11 ரிப்போர்ட்டுகளும் திரும்பக் கிடைத்தன. அப்பாடா என்றிருந்தது.