வயர்லெஸ் சார்ஜரை வீட்ல எங்க வைக்கிறது? புதுசா வாங்குறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

வயர்லெஸ் சார்ஜர் வாங்குற நிறைய பேர் டப்பாவை பிரிச்சதும் எந்த பிளக் பாயிண்ட் காலியா இருக்கோ அங்க சொருகி வச்சுடுவாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பார்த்தா அது மேல சாவிக்கொத்தும் மருந்துக்கடை சீட்டும் கிடக்கும், ஃபோன் பழையபடி ஒயர்லதான் தொங்கிட்டு இருக்கும். சார்ஜர் நல்லாத்தான் இருக்கும், வச்ச இடம்தான் சரியில்லை. ஒயர் சார்ஜர்னா கேபிள் எட்டுற தூரம் வரைக்கும் ஃபோனை இழுத்துக்கிட்டு சோபாவுல படுத்து ரீல்ஸ் பார்க்கலாம், இதுல அது நடக்காது, ஃபோன் பேட் மேல, அதாவது அந்த சார்ஜர் தட்டு மேல, உக்காந்தே ஆகணும். அதனால பேடை எங்க வைக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

ஸ்டெப் 1: முதல்ல ஃபோனைப் பாருங்க

உங்க ஃபோன்ல வயர்லெஸ் சார்ஜிங் இருக்கான்னு உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா நம்ம ஊர்ல அதிகமா விக்கிற பதினஞ்சாயிரம் இருபதாயிரம் ரூபா ஃபோன்ல பெரும்பாலும் இது இருக்காது. ஐபோன்ல 2017ல வந்த ஐபோன் 8ல ஆரம்பிச்சது, சாம்சங்ல கேலக்ஸி எஸ் வரிசையில 2015ல இருந்தே இருக்கு. சார்ஜர் டப்பாவுல க்யூ-ஐ (Qi) லோகோ இருக்கான்னு பாருங்க, வயர்லெஸ் சார்ஜிங்குக்கான பொதுவான தரத்தோட பேர் அது, அதை 'சீ'ன்னு படிக்கணும், கடையில எப்படி சொன்னாலும் எடுத்துக் குடுத்துடுவாங்க. க்யூ-ஐ 2ன்னு போட்டிருந்தா உள்ள காந்தம் இருக்குற புது வகை, ஐபோன் 12க்கு அப்புறம் வந்ததுல பெரும்பாலான மாடல்ல ஃபோன் தானா போய் சரியான இடத்துல ஒட்டிக்கும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி தெரிஞ்சா போதும். பேடுக்குள்ள ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கு, ஃபோன் முதுகுக்குள்ள இன்னொன்னு. கீழ இருக்குறதுல கரண்ட் ஓடும்போது உண்டாகுற காந்தப்புலம் மேல இருக்குறதுல கரண்டை உண்டாக்குது. ஆனா ரெண்டுக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் இடைவெளிதான் தாங்கும், சுருள் கொஞ்சம் விலகினாலும் பவர் வீணாகி சூடாத்தான் மாறும். இடம் தேடுறப்ப வர்ற முக்கால்வாசி பிரச்சனை இந்த ரெண்டு விஷயத்துலதான் இருக்கு.

ஸ்டெப் 2: உங்க கை ஃபோனை எங்க வைக்குதுன்னு கவனிங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், இதை யாரும் செய்யிறதில்லை. ஒரு நாள் முழுக்க சும்மா கவனிச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஃபோன் எங்க போகுது? ஷூ ரேக் மேலயா, டிவி ஸ்டாண்ட்லயா, டைனிங் டேபிள் ஓரத்துலயா? சமைக்கும்போது எங்க சாத்தி வைக்கிறீங்க? தூங்கும்போது தலைமாட்டுல எந்தப் பக்கம்? நீங்க யோசிக்காம எந்த இடத்துல வைக்கிறீங்களோ அந்த இடம்தான் பேடுக்கு இடம். ஷோகேஸ்ல பொம்மைக்குப் பக்கத்துல வச்சா அழகா இருக்கும், ஆனா அங்க போய் யாரும் ஃபோனை வைக்க மாட்டீங்க.

ராத்திரி மட்டும் சார்ஜ் போடுற ஆளா இருந்தா கட்டில் பக்கத்து சின்ன டேபிள் போதும், வேற எங்கயும் தேட வேண்டாம். தட்டையான பேடே வாங்குங்க, ராத்திரி முழுக்க நேரம் இருக்குறப்ப வேகம் எதுக்கு. சில ஃபாஸ்ட் சார்ஜர்ல உள்ள குட்டி ஃபேன் இருக்கும், அமைதியான ரூம்ல அது கொய்ங்னு கத்துறது காதுக்குள்ளயே கேக்கும், நீல லைட் வேற எரியும். படுக்கைக்கு அந்த மாடல் வேண்டாம்.

வீட்ல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு ஆபீஸ் டேபிள்ல சாய்ஞ்ச ஸ்டாண்ட் நல்லது, நிமிர்ந்து நிக்கிறதால ஓடிபி வந்தா எடுக்காமயே பாத்துக்கலாம், கீபோர்டுக்கு இடது பக்கமோ வலது பக்கமோ உங்களுக்கு எந்தக் கை சும்மா இருக்கோ அந்தப் பக்கம் வைங்க. ஹால்ல எல்லாரும் வந்து போற இடத்துல ஒன்னு வச்சா குடும்பத்துல நாலு பேரும் மாத்தி மாத்தி போட்டுக்கலாம்னு தோணும், நடைமுறையில யாராவது ஒருத்தர் ஃபோன்தான் எப்பவும் அது மேல இருக்கும், பெரும்பாலும் பையனோடது.

ஸ்டெப் 3: சூடு

பேட்டரிக்கு சூடு ஆகாது. வயர்லெஸ் சார்ஜிங் ஒயரை விட அதிகமா சூடாகும், அதோட நம்ம ஊர் வெயிலும் சேந்துக்கும். ஐபோனை 0ல இருந்து 35 டிகிரிக்குள்ள இருக்குற இடத்துலதான் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிள் சொல்லுது, சித்திரை கத்திரியில மாடி வீட்டு ரூம் மதியானம் ரெண்டு மணிக்கு எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ரொம்ப சூடானா ஃபோனே 80 சதவீதத்துக்கு மேல ஏத்தாம நிறுத்தி வச்சுக்கும், ரிப்பேர்னு நினைச்சு சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம், ஆறினதும் தானா ஏறும்.

அதனால மேற்குப் பார்த்த ஜன்னல் திட்டு வேண்டாம். செட்டாப் பாக்ஸ் மேலயும் வேண்டாம், அதுவே நாள் முழுக்க வெதுவெதுன்னு இருக்கும். மெத்தை, தலையணை, சோபா கைப்பிடி மேல போட்ட துணி இதெல்லாம் வேண்டவே வேண்டாம், கீழ காத்து போக வழியில்லாம பேடும் ஃபோனும் சேர்ந்து வேகும். கதவு சாத்துற அலமாரிக்குள்ளயும் இதே கதைதான். சீலிங் ஃபேன் காத்து படுற இடம் இருந்தா அதுதான் நல்ல இடம், சாதாரண விஷயம்தான், ஆனா கையில தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கிச்சன் மேடையில வைக்கலாமான்னு கேப்பாங்க. கிரானைட் கல்லு குளுகுளுன்னு இருக்கும், அது நல்லதுதான், ஆனா அடுப்புல இருந்து தள்ளி, சிங்க் தண்ணி தெறிக்காத மூலையா இருக்கணும், தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பேட் மேல படிஞ்சா ஃபோன் வழுக்கும். மிக்ஸி ஓடுற கல்லுல வச்சா அதிர்வுல நகர்ந்துடும், இண்டக்ஷன் அடுப்புக்குப் பக்கத்துல போகவே வேண்டாம். இவ்வளவு கண்டிஷன் தாண்டி ஒரு மூலை கிடைச்சா வைங்க, கிடைக்கலைன்னா கிச்சனை விட்டுடுங்க. பாத்ரூம் பக்கம் பேச்சே கிடையாது. தலைமாட்டுல தண்ணி சொம்பு வைக்கிற பழக்கம் இருந்தா சொம்பு ஒரு பக்கம், பேட் இன்னொரு பக்கம்.

ஸ்டெப் 4: மேலயும் கீழயும் என்ன இருக்கு

பேக் கேஸை கழட்டிப் பாருங்க. நம்ம ஆளுங்க அதுக்குள்ள வைக்காத பொருளே இல்ல: மடிச்ச பத்து ரூபா நோட்டு, ஏடிஎம் கார்டு, மெட்ரோ கார்டு, சாமி படம், கார் ஹோல்டர்ல ஒட்டிக்கிறதுக்காக வச்ச இரும்புத் தகடு. தகடு இருந்தா சார்ஜ் ஏறாது, ஏறுற மாதிரி காட்டினாலும் தகடு சூடாகும், உடனே எடுத்துடுங்க. விரல் மாட்டுற ரிங் ஒட்டியிருந்தாலும் இதே பிரச்சனை. கார்டுல இருக்குற காந்தப் பட்டையும் சிப்பும் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, அதனால பேட் மேல வைக்கும்போது கார்டு ஃபோனுக்குப் பின்னாடி இருக்கக் கூடாது. நோட்டும் சாமி படமும் காகிதம்தான், ஒன்னும் பண்ணாது, ஆனா மூணு நாலு மடிப்பா தடிமனா இருந்தா இடைவெளி கூடிடும். கேஸே ரொம்ப தடிமனா, கீழ விழுந்தாலும் உடையாத ரகமா இருந்தா ஒரு தடவை கேஸ் இல்லாம போட்டுப் பார்த்து ஒப்பிட்டுக்கோங்க.

பேடுக்குக் கீழ மரமோ பிளாஸ்டிக்கோ கல்லோ இருக்குறது நல்லது. ஸ்டீல் ரேக், பீரோ தலை மாதிரி இடம்தான் இருக்குன்னா நடுவுல ஒரு பலகைத் துண்டு வைங்க. டேபிளுக்கு அடியில ஒட்டி மறைச்சு வச்சுக்கலாமான்னு சிலர் கேப்பாங்க, சாதாரண பேடுல அது முடியாது, பலகை தடிமனைத் தாண்டி ஏறாது, அதுக்குன்னே தனியா விக்கிற சார்ஜர் வாங்கணும். பேட் மேல சில்லறைக் காசு, சாவி போடுற பழக்கம் வேண்டாம். நல்ல சார்ஜர் நடுவுல உலோகம் இருக்குறதைக் கண்டுபிடிச்சு நின்னுடும், மலிவான சார்ஜரை அப்படி நம்ப முடியாது.

வீட்ல யாருக்காவது பேஸ்மேக்கர் வச்சிருந்தா இதை மட்டும் கவனமா படிங்க. வயர்லெஸ் சார்ஜ் ஏறிட்டிருக்குற ஃபோனையும் சார்ஜரையும் பேஸ்மேக்கர்ல இருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல, அதாவது ஒரு அடிக்கு மேல தள்ளி வைக்கச் சொல்லி ஆப்பிள் சொல்லுது. தாத்தா பாட்டி படுக்குற கட்டில் தலைமாட்டுல வைக்காதீங்க, ரூமோட இன்னொரு பக்கத்துக்கு மாத்திடுங்க, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 5: பிளக் பாயிண்டும் அடாப்டரும்

இடம் முடிவு பண்ணியாச்சு, இப்பதான் பிளக் பாயிண்ட் பக்கம் திரும்பணும். நம்ம வீடுகள்ல சுவிட்ச் போர்டு கதவு பக்கத்துல நெஞ்சு உயரத்துல இருக்கும், கட்டிலும் டேபிளும் எதிர் சுவத்துல இருக்கும், பேடோட வர்ற கேபிள் ஒரு மீட்டர்தான் இருக்கும். கேபிள் அந்தரத்துல தொங்குற மாதிரி வைக்காதீங்க, குழந்தை இழுத்தா ஃபோனோட சேர்ந்து கீழ வரும். நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸை சுவத்து ஓரமா கொண்டுவந்து விடுங்க, நடக்குற வழியில குறுக்க வராம பாத்துக்கோங்க. அடிக்கடி கரண்ட் கட் ஆகுற ஏரியான்னா இன்வெர்ட்டர் லைன்ல இருக்குற பிளக் எதுன்னு முதல்லயே கண்டுபிடிச்சு வைங்க, பல வீட்ல ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் அந்த லைன் குடுத்திருப்பாங்க.

நிறைய பேட் டப்பாவுல அடாப்டர் வராது. பழைய ஃபோனோட 5 வாட் அடாப்டர்ல மாட்டினா பேடும் ஆமை வேகத்துலதான் ஏத்தும், டிவியோட யுஎஸ்பி ஓட்டையில மாட்டினா அதுகூட இல்லை. 15 வாட் பேடுக்கு 20 வாட் பிடி (PD, அதாவது யுஎஸ்பி பவர் டெலிவரி) அடாப்டர் இருந்தா போதும், பேட் மேனுவல்ல எந்த அடாப்டர் கேக்குதுன்னு பார்த்து வாங்குங்க. கரண்ட் செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க, தினமும் 5000 எம்ஏஎச் பேட்டரியை சுத்தமா காலி பண்ணி இதுலயே ஏத்தினாலும், வீணாகுறதையும் சேர்த்து ரெண்டு மாசத்துக்கு ரெண்டு யூனிட் பக்கம்தான் வரும்.

ஸ்டெப் 6: ஒட்டுறதுக்கு முன்னாடி சோதனை

எதையும் ஒட்டாம சும்மா வச்சு ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாருங்க. ஃபோனை வச்சு ஸ்கிரீனை அணைச்சு அரை மணி நேரம் கழிச்சு எத்தனை சதவீதம் ஏறியிருக்குன்னு பாருங்க, பின்பக்கம் கை வச்சுப் பாருங்க, வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடுன்னா இடமோ கேஸோ அடாப்டரோ ஏதோ சரியில்லை, ஒவ்வொன்னா மாத்திப் பாருங்க. அப்புறம் ஃபோனை வைப்ரேட்ல போட்டு இன்னொரு ஃபோன்ல இருந்து ரெண்டு மூணு தடவை கால் பண்ணுங்க. வழவழன்னு இருக்குற பேட்ல அந்த அதிர்வுலயே ஃபோன் மெல்ல நகர்ந்து சுருளை விட்டு விலகிடும், காலையில எழுந்து பார்த்தா 34 சதவீதத்துலயே நிக்கிறதுக்குப் பல தடவை இதுதான் காரணம். அப்படி நகர்ந்தா ராத்திரி வைப்ரேஷனை அணைங்க, இல்லன்னா ரப்பர் மேற்பரப்பு இருக்குற பேட் மாத்துங்க, காந்தம் வச்சதுன்னா இந்தத் தொல்லையே கிடையாது.

ஃபோன் எப்படி வச்சா சரியா ஏறுதுன்னு கண்டுபிடிச்சதும், ஃபோனோட மேல் ஓரம் வர்ற இடத்துல டேபிள் மேல ஒரு சின்ன டேப் துண்டு ஒட்டிடுங்க. அம்மா மாதிரி கண்ணாடி போடாம ராத்திரி தடவி வைக்கிறவங்களுக்கு விரல்ல அந்த டேப் தட்டும், அதை வச்சே நேரா வச்சுடுவாங்க.

ஸ்டெப் 7: இனி நிரந்தரமா

பேட் அடியில ரப்பர் பிடிப்பு இல்லன்னா ரெண்டு துண்டு டபுள் சைட் டேப் போட்டு ஒட்டுங்க, வாடகை வீட்டு டேபிள்னா கழட்டுனா தடம் விடாத ரகம் வாங்குங்க. கேபிளை டேபிள் கால் வழியா கிளிப் போட்டு இறக்குங்க. பேடுக்குள்ள சொருகுற முனையில கேபிளை மடக்காம கொஞ்சம் தளர்வா விடுங்க, மடங்கி மடங்கி அங்கதான் முதல்ல அறுந்து போகும். வாரம் ஒரு தடவை தூசி தட்டும்போது பிளக்கை எடுத்துட்டு காஞ்ச துணியால பேடையும் துடைச்சு விட்டா சரி.