இரவு நேர நெஞ்செரிச்சல்: உணவு, படுக்கை, மாத்திரை

நெஞ்சில் எரிச்சலோ இறுக்கமோ வந்தவுடன், "வாயுதான்" என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம்மில் பலரது வழக்கமாக இருக்கிறது. வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், அதனுடன் வியர்த்துக் கொட்டினாலும், மூச்சு வாங்கினாலும், நடக்கும்போது வலி கூடி, நின்றால் குறைந்தாலும் அது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மங்கலாகவே தெரியலாம் என்பதால் அவர்கள் கூடுதல் கவனத்துடன் இருப்பது அவசியம்.

அந்த ஐயம் நீங்கிய பிறகே நெஞ்செரிச்சலைப் பற்றிப் பேச முடியும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள சுருக்குத் தசை தளரும்போது அமிலம் மேலேறி எரிச்சலையும் புளித்த ஏப்பத்தையும் உண்டாக்குகிறது. வயிறு முட்டச் சாப்பிடுவது, தொப்பை, கருவுற்றிருக்கும் காலம், இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா அல்லது பெல்ட் ஆகிய அனைத்தும் வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டி இதற்கு வழி செய்கின்றன.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிட்டு எப்போது படுக்கிறோம் என்பதையே முதலில் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. கடையை மூடிவிட்டு வந்து 10 மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, 11 மணிக்குப் படுப்பவருக்கு எந்த மாத்திரையும் முழுப் பலன் தராது. சாப்பிட்டு முடித்து 3 மணி நேரமாவது கழித்தே படுக்க வேண்டும். வேலை அதற்கு இடம் தராவிட்டால், 7 மணி அளவில் கடையிலேயே இரவு உணவை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த பின் பசித்தால் ஓர் இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது நல்ல பலன் தரும். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மட்டும் உயர்ந்து, இடுப்பு மடங்கி, வயிறு மேலும் அழுந்தும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் அமிலம் மேலேறுவதைக் குறைக்கும்.

காப்பி, எண்ணெய்ப் பலகாரம், புளிக்குழம்பு, தக்காளி, சாக்லேட், புதினா, மது என்று நீளும் பட்டியலில் உள்ள எல்லாமே எல்லோருக்கும் ஆகாதவை அல்ல. இரண்டு வாரம் சாப்பிட்டதையும் எரிச்சல் வந்த நேரத்தையும் குறித்து வைத்தால், உங்களுக்கு ஒவ்வாதது எது என்று தெரிந்துவிடும். புகைபிடிப்பதை மட்டும் எல்லோருமே நிறுத்த வேண்டும்.

எப்போதாவது வரும் எரிச்சலுக்கு அமிலத்தைச் சமன்படுத்தும் ஜெல் மருந்து போதும். அது விரைவில் கேட்கும். ஆனால் தைராய்டு மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொல்லை தருகிறது என்றால், மருத்துவர் பெரும்பாலும் பான்டோபிரசோல், ஓமிபிரசோல் போன்றவற்றை 4 முதல் 8 வாரங்களுக்கு எழுதித் தருவார். இவை உணவு வரும்போது இயங்கத் தொடங்கும் அமிலச் சுரப்பிகளை அடக்குபவை என்பதால், சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் விழுங்க வேண்டும். சாப்பிட்ட பின் போட்டால் பலன் குறையும். இவற்றோடு குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் கலந்த மாத்திரையை இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மூட்டுவலிக்காக டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைச் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விழுங்கும்போது உணவு சிக்கினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குழாய் வழியாக வயிற்றின் உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். குணம் தெரிந்து பான்டோபிரசோல் போன்ற மாத்திரையை விடும்போது, நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குச் சில வாரங்கள் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் முறையில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது நல்லது.