ஸ்பின்னர் முதல் ஸ்பீக்கர் வரை: அப்கிரேடு ஆசையில் செய்யும் தவறுகள்

2017-ல் பள்ளிப் பிள்ளைகள் கையிலெல்லாம் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் சுற்றியது. அந்த மோகம் சில மாதங்களில் ஓய்ந்தது. ஓயாத சிலரில் நானும் ஒருவன். தெருவோரக் கடை பிளாஸ்டிக்கில் தொடங்கி, பித்தளைக்குப் போய், பிறகு பேரிங் மாற்றும் படலம். அதே கிறுக்கு பின்னால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது. இரண்டிலும் என் தவறு ஒரே மாதிரிதான்: எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல், எதைச் சுலபமாகக் கழற்றி மாற்றலாமோ அதற்குக் காசு கொடுத்தேன்.

முதலில் ஸ்பின்னர். நடுவில் இருப்பது பெரும்பாலும் 608 பேரிங். உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. ஸ்கேட் சக்கரத்தில் இருப்பதும் இதுதான். புதிதாக வரும்போது உள்ளே கிரீஸ் இருக்கும். ஆள் ஏறி நிற்கும் சக்கரத்துக்கு அது தேவை. விரலால் சுண்டிவிடும் பொம்மைக்கு அதுவே பிரேக். இது தெரியாமல் செராமிக் குண்டு போட்ட பேரிங் ஒன்றை வாங்கினேன். நன்றாகத்தான் சுற்றியது, சின்ன கிரைண்டர் போலச் சத்தத்தோடு. அப்புறம் ஒருநாள் பழைய பேரிங்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசிக் காயவைத்து மாட்டிப் பார்த்தால், அதுவும் ஏறக்குறைய அதே நேரம் சுற்றுகிறது. கழுவிய எஃகு பேரிங்கை அப்படியே விட்டால் துருப்பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். ரப்பர் மூடி இருந்தால் அசிட்டோன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பெட்டியில் 'ஏபெக் 9' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அளவுகள் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டன என்பதற்கான எண் அது, எவ்வளவு நேரம் சுற்றும் என்பதற்கானது அல்ல. எடையிலும் இதே ஏமாற்றம் உண்டு. பித்தளை கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், டங்ஸ்டன் 19.3 கிராம். ஆனால் அந்தக் கனம் விளிம்பில் இருந்தால்தான் பலன். மையத்திலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் வைத்த எடை, சுழற்சியைத் தாங்குவதில் நான்கு மடங்கு வேலை செய்யும். நடுவில் கனத்த ஸ்பின்னர் சட்டைப்பையைத்தான் கிழிக்கும். உண்மையில், நாலு நிமிடம் விடாமல் சுற்றும் ஸ்பின்னரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபடி மறுபடி சுண்டத்தானே அதை வாங்கினோம்!

இப்போது ஆடியோ. இங்கே பர்ஸுக்கு ஆபத்து பல மடங்கு.

வாட் எண்ணைப் பார்த்து வாங்குவது பழைய நோய். டேப் ரெக்கார்டர் காலத்து அட்டைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ' (கண நேர உச்ச சக்தி) வாட் போட்டிருப்பார்கள், அதற்குப் பொருளே கிடையாது. ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணைப் பாருங்கள். அதுவும் 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே சக்தியில் எவ்வளவு சத்தம் தரும் என்ற எண், 86-க்குப் பதில் 89 டெசிபல் உள்ள ஸ்பீக்கரை எடுத்தால், ஆம்பைத் தொடாமலே அந்த 3 டெசிபல் கிடைத்துவிடும்.

ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர் விஷயம் சீக்கிரம் முடியும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஐந்து மீட்டர் இழுத்தால், போக வர மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரை மட்டும் தவிருங்கள்.

பெரிய தவறு அறையை மறப்பது. நம் வீடுகளில் டைல்ஸ் தரை, சிமெண்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள், எவ்வளவு எதிரொலி என்று தெரியும். எத்தனை லட்சத்துக்கு ஆம்ப் வாங்கினாலும் பாட்டு அந்த எதிரொலியோடுதான் காதுக்கு வரும். எதிரெதிர்ச் சுவர்கள் 3 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் வாக்கில் பேஸ் (தாழ்ந்த அடித்தள ஒலி) ஓர் இடத்தில் வீங்கும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். என் ஸ்பீக்கர்கள் இரண்டும் வருடக்கணக்கில் மூலையில் முட்டிக்கொண்டு நின்றன. 'பேஸ் குழைகிறது' என்று ஆம்பை மாற்றினேன். அப்புறம் வெள்ளையடிக்க ஸ்பீக்கர்களை நகர்த்தியபோதுதான் விஷயம் புரிந்தது. சுவரை விட்டு இரண்டடி முன்னே வந்ததும் குழைவு பாதி போய்விட்டது, செலவு பூஜ்ஜியம். கனமான திரையும் ஜமுக்காளமும் கீச்சென்ற எதிரொலியை அடக்கும். பேஸை அவை ஒன்றும் செய்யாது, ஒட்டும் மெல்லிய ஃபோம் தகடுகளும் அப்படியே. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர், ஒரு அங்குல ஃபோம் அதை எப்படித் தடுக்கும்? அளந்து பார்க்க விரும்பினால் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளும் அளவு மைக் ஒன்றும் போதும்.

ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த) கோப்புகளுக்காகவே புது டாக் (DAC, டிஜிட்டல் கோப்பை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும் கருவி) வாங்குகிறவர்கள், மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹை-ரெஸ் ஒலியை அப்படியே ஒருமுறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் கேட்கவைத்தார்கள். எது எது என்று 554 முறையில் 276 முறைதான் சரியாகச் சொல்ல முடிந்தது. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

கடையில் ஒப்பிடும்போது ஒன்று நினைவிருக்கட்டும். அரை டெசிபல், ஒரு டெசிபல் சத்தம் கூடினால் நம் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். வீட்டில் இரண்டு ஆம்பை ஒப்பிட்டால், ஒரே டெஸ்ட் டோனைப் போட்டு ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள்.

மிச்சப்பட்ட பணத்தில் பழைய ஸ்பீக்கர் வாங்கும் ஆசை வரும், நல்ல ஆசைதான். பேரம் பேசும் முன் முன்வலையைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். உதிர்ந்து விரலில் ஒட்டினால் வளையம் மாற்றும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள்.