கொறங்காட்டைப் பிரித்து மேய்ப்பது எப்படி: சிறு பண்ணைக்கான சுழற்சி மேய்ச்சல் வழிகாட்டி

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களிலும் கரூர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்து நிற்கும் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்று அழைக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையும், அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மட்டுமே பெய்யும் நிலையும் கொண்ட, சுக்கான் கல் விரவிய மானாவாரி மண்ணில் வேறெந்த வெள்ளாமையும் இவ்வளவு உறுதியாகக் கைகொடுப்பதில்லை. காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்தப் புல்லை நம்பியே நிலைபெற்றன. இந்த நிலத்தைப் பல காடுகளாக வேலியிட்டு, ஒன்று மேய்ந்து முடிந்ததும் வேலி வாசலாகிய கடவை அடைத்துவிட்டு அடுத்ததற்கு ஓட்டுவது பழைய வழக்கம். பாகப்பிரிவினையில் நிலம் சுருங்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரே காடு என்றான பிறகு, கடவு ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கிறது. புல் குறைந்ததற்கு மழையைக் காரணம் சொல்பவர்கள் முதலில் அந்தக் கடவைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வழிகாட்டி ஆறு ஏக்கர் கொறங்காடும் இரண்டு பசுவும் பத்துச் செம்மறியும் உள்ள ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. உங்கள் நிலமும் மந்தையும் வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

புல்லுக்கு ஓய்வு ஏன் வேண்டும்

மேய்ந்த கொழுக்கட்டைத் தூர் ஒன்றைக் குனிந்து பாருங்கள். மண்ணில் ஈரம் இருந்தால் நான்கைந்து நாளில் கடித்த இடத்திலிருந்து இளம்பச்சைத் தளிர் ஒன்று நீளும். அந்தத் தளிரைத் தூர் தன் அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த இருப்பைச் செலவழித்துத்தான் விடுகிறது. இலை விரிந்து வெயிலை வாங்கி அந்த இருப்பை மீண்டும் நிரப்பப் பல வாரங்கள் ஆகும். மாடு அதே காட்டில் நின்றால், முற்றிய பழைய புல்லை விட்டுவிட்டு இந்தத் தளிரைத்தான் தேடிவந்து கடிக்கும். இரண்டாம் கடி, மூன்றாம் கடி என்று தொடரும்போது வேர் சுருங்குகிறது. அடுத்த கோடையில் தூர் காய்ந்து, அந்த இடத்தில் ஆடு தொடாத களைச்செடிகள் குடியேறுகின்றன. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பண்ணை நடத்திய ஆந்திரே வாசேன் என்பவர் 1950களிலேயே இதைத் தெளிவாகச் சொன்னார்: நிலத்தைக் கெடுப்பது மாடுகளின் எண்ணிக்கையைவிட, அவை ஓரிடத்தில் நிற்கும் காலமும் திரும்பி வரும் காலமுமே. ஒரே ஒரு மாடு ஆண்டு முழுவதும் ஒரே காட்டில் நின்றாலும் தனக்குப் பிடித்த தூர்களை அது அழித்துவிடும்.

ஆகவே சுழற்சி மேய்ச்சலில் மாட்டை நகர்த்துவது ஒரு வழி மட்டுமே. நோக்கம் புல்லுக்கு ஓய்வு கொடுப்பதாகும்.

இருக்கும் புல்லை அளத்தல்

மழைக்காலம் முடியும் தறுவாயில், ஒரு மீட்டர் நீள அகலமுள்ள சதுரச் சட்டம் ஒன்றைக் கம்பியிலோ மூங்கிலிலோ செய்துகொண்டு, காட்டில் பத்து இடங்களில் கண்ணை மூடி வீசியது போல விழ விடுங்கள். செழிப்பான இடத்தில் மட்டும் சட்டத்தை வைக்க ஆசை வரும். வெறுந்தரையில் விழுந்தாலும் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் உள்ள புல்லைத் தரையோடு அறுத்து, எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி, நிறுத்துச் சராசரி எடுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் உலர்புல் கிடைப்பதாகக் கொண்டால், 4,047 சதுர மீட்டர் கொண்ட ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 800 கிலோ நிற்கிறது. இதில் பாதியை மட்டுமே கால்நடைக்கு உரியதாகக் கொள்ள வேண்டும். மீதிப் பாதி மிதிபடவும், மண்ணை மூடிக் கிடக்கவும், தூர் மீண்டும் தழைக்கவும் உரியது. அந்தப் பங்கில் கை வைக்கிற ஆண்டு, அடுத்த ஆண்டின் புல்லைக் கடன் வாங்குகிற ஆண்டாகும்.

மாடும் ஆடும் நாளொன்றுக்குத் தம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உலர்தீவனம் தின்னும். காங்கேயம் பசு ஒன்றுக்கு 9 கிலோ, செம்மறி ஒன்றுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் நம் மந்தைக்கு நாளுக்கு 28 கிலோ தேவை. ஆறு ஏக்கரில் எடுக்கத்தக்க 2,400 கிலோ ஏறத்தாழ 85 நாட்களுக்கு வரும். மழை நன்றாக இருந்து, மேய்ந்த இடம் மறுபடி தழைத்து இன்னொரு சுற்றும் கிடைத்தால் 170 நாட்கள். மிச்சமுள்ள 195 நாட்களுக்கு வேறு வழி தேட வேண்டும் என்பதைக் கார்த்திகையிலேயே இந்தக் கணக்கு சொல்லிவிடும். பங்குனியில் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

காட்டைப் பிரித்தல்

ஆறு ஏக்கரை அரை ஏக்கர் வீதம் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரிக்கலாம். அரை ஏக்கர் என்பது பக்கத்துக்கு 45 மீட்டர் உள்ள சதுரம். எல்லாக் கட்டத்துக்கும் உயிர்வேலி போட வேண்டியதில்லை. வெளிவேலியும், நடுவில் ஒரு நெடுவேலியும் கிளுவையாக இருந்தால் போதும். மழைக்கு முன் கிளுவைப் போத்துகளை நெருக்கி நட்டால் அவை வேர்பிடித்து, சில ஆண்டுகளில் ஆடு நுழையாத வேலியாகிவிடும். உட்பிரிவுகளுக்கு, கிடை போடும் மேய்ப்பர்கள் பயன்படுத்தும் நைலான் பட்டி வலையும் ஊன்றுகுச்சிகளும் செம்மறிக்குப் போதுமானவை. அரை ஏக்கர்க் கட்டத்தின் குறுக்கே 45 மீட்டர் வலையைக் கட்டினால் கால் ஏக்கர்த் துண்டுகள் இரண்டு கிடைக்கும். மேலே சொன்ன கணக்கின்படி ஒரு துண்டு மூன்றரை நாள் தாங்கும்.

மாடு வலையை மதிக்காது. இரண்டே மாடு என்றால் முளையடித்து, நீண்ட கயிற்றில் கட்டி, அந்தத் துண்டுக்குள்ளேயே முளையை மாற்றி மாற்றி மேய்க்கலாம். மந்தை பெரிதானால் சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலிக் கருவியோடு ஒற்றைக் கம்பி இழுப்பது சுலபம். அந்தக் கருவி நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய அதிர்வை மட்டும் அனுப்புகிறது. மாடு ஓரிரு முறை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு விலகிக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தையோ கிணற்று மோட்டார் இணைப்பையோ நேரடியாக வேலிக்கம்பியில் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அது ஆளைக் கொல்லும். அதைச் செய்யவே கூடாது.

எப்போது விடுவது, எப்போது எடுப்பது

நாட்காட்டி வழிகாட்டாது, புல்லின் உயரமே வழிகாட்டும். கொழுக்கட்டைப் புல் முழங்காலளவு வளர்ந்து, கதிர் தள்ளத் தொடங்கும் முன் உள்ளே விடுங்கள். ஆறு விரற்கடை உயரத்துக்கு மேய்ந்ததும், இன்னும் தின்னப் புல் இருப்பது போலத் தோன்றினாலும் வெளியே எடுத்துவிடுங்கள். அந்த அடித்தண்டில்தான் தூரின் இருப்பு இருக்கிறது.

மழைக்காலத்தில் புல் விரைந்து வளரும்போது மந்தையையும் விரைந்து நகர்த்த வேண்டும். துண்டுக்கு ஒன்றரை நாள் என்று நுனியை மட்டும் மேய்த்துக்கொண்டு போனால் இருபத்துநான்கு துண்டையும் 36 நாளில் சுற்றி வரலாம். ஈரம் உள்ளபோது அந்த ஓய்வு போதும். மழை நின்று வளர்ச்சி தளர்ந்ததும் துண்டுக்கு மூன்றரை நாள் என்று மெதுவாக்கி, ஓய்வை எண்பது நாளுக்கு மேல் நீட்டுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கோடையில் புல் போதவில்லை என்று அவசரமாகக் கட்டம் மாற்றி, தழையாத இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறார்கள். அப்படிச் சுற்றுவதற்கும் கடவைத் திறந்து போடுவதற்கும் வேறுபாடில்லை. புல் தழையாவிட்டால் மந்தையை ஒரு துண்டில் நிறுத்திக் காய்ந்த தீவனம் போடுங்கள். கெடுவது அந்தத் துண்டு மட்டுமாக இருக்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் இரண்டு கட்டங்களை மழைக்காலம் முழுவதும் அடைத்து வைத்துக் கதிர்விட்டு விதை உதிர விடுங்கள். அடுத்த ஆண்டு வேறு இரண்டு கட்டம். முதல் மழை விழுந்த சில நாட்களில் காடு பச்சைப் பசேலென்று தெரியும்போது எந்தக் கட்டத்துக்கும் மந்தையை விடாதீர்கள். புல் தன் இருப்பு முழுவதையும் செலவழித்து எழும் நேரம் அது.

தண்ணீரும் இரவுப் பட்டியும்

கோடையில் பசுவுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 லிட்டரும் செம்மறிக்கு 4 முதல் 5 லிட்டரும் வேண்டும். காட்டின் ஒரு மூலையில் மட்டும் தொட்டி இருந்தால் அதைச் சுற்றியுள்ள நிலம் மிதிபட்டு இறுகும். எதிர் மூலையில் உள்ள புல் மேயப்படாமல் முற்றும். குழாயை நீட்டி, வெட்டிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கட்டம்தோறும் கொண்டுபோவது மலிவான வழி. கட்டத்துக்கு ஒரு வெள்வேல மரமாவது நிழலுக்கு இருக்க வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து மரம் வளர்ந்தாலும் அதன் மெல்லிய நிழல் புல்லைத் தடுப்பதில்லை.

செம்மறிகளை இரவில் வீட்டுப் பட்டியில் அடைத்தால் எருவில் பெரும்பகுதி அங்கேயே குவிந்துவிடுகிறது. வலைப்பட்டியைக் காட்டிலேயே, புல் மெலிந்த இடங்களைப் பார்த்து, ஓரிரு இரவுக்கு ஒருமுறை நகர்த்திப் போட்டால் எரு தேவையான இடத்தில் விழும். நாய்த்தொல்லை உள்ள ஊரில் காவல் இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குடற்புழுவும் சாண வண்டும்

ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுவே செம்மறியின் பெரும் பகை. புழுக்கையோடு விழும் அதன் முட்டை, வெப்பமும் ஈரமும் உள்ள காலத்தில் ஐந்து முதல் ஏழு நாளில் தொற்றக்கூடிய புழுவாகிப் புல்லில் ஏறும். துண்டுக்கு நான்கு நாளுக்கு மேல் ஆடு நில்லாவிட்டால், அது போட்ட முட்டையை அதுவே திரும்பத் தின்பதில்லை. அந்தப் புழுக்கள் புல்லின் அடிப்பகுதியிலேயே அதிகம் இருப்பதால், ஆறு விரற்கடை விட்டு எடுக்கும் விதி இங்கும் உதவுகிறது. காலைப் பனி உலர்ந்த பிறகே ஆட்டை விடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும் புழுக்கள் பெரும்பாலும் வேறுவேறு என்பதால், ஆடு மேய்ந்த இடத்தில் மாட்டை விடும்போது மாடு ஆட்டுப்புழுவைத் தின்று அழித்துவிடுகிறது.

எல்லா ஆட்டுக்கும் மாதந்தோறும் மருந்து ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்: உட்புறம் சிவந்திருந்தால் மருந்து வேண்டாம், வெளிறியிருந்தால் உடனே வேண்டும். ஐவர்மெக்டின் போன்ற மருந்தின் எச்சம் சாணத்தோடு வெளியேறிச் சாண வண்டின் புழுக்களைக் கொல்கிறது. மழைக்காலத்தில் இரண்டு நாள் பழைய சாணத்தைக் குச்சியால் புரட்டினால், அடியில் விரல் நுழையும் துளைகளும், மேலே தள்ளப்பட்ட ஈரமண்ணும், உருட்டிக்கொண்டிருக்கும் கருவண்டுகளும் தெரிய வேண்டும். சாணம் வறட்டி போல அப்படியே காய்ந்து கிடந்தால் மருந்தைக் குறைப்பது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். துள்ளுமாரித் தடுப்பூசியை மட்டும் தவறவிடாதீர்கள்; மழைக்குப் பின் இளம்புல்லை வயிறு நிறையத் தின்னும் போதுதான் அந்நோய் நல்ல ஆடுகளைத் திடீரெனச் சாய்க்கும்.

மெலிந்த காட்டைத் தேற்றுதல்

தூர்கள் அற்றுப்போன இடத்தில் ஓய்வு மட்டும் போதாது. கொழுக்கட்டை விதை உதிர்ந்த கையோடு முளைக்காது. சில மாதங்கள் இருப்பு வைத்து, மணலோடு கலந்து, மழைக்கு முன் மேலாகத் தூவி, முள்கொப்பை இழுத்து மூடினால் போதும். ஆழம் போனால் முளைக்காது. பயறு வகைத் தீவனச் செடியான முயல் மசாலையும் சேர்த்து விதைத்தால் புரதம் கூடும், மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். அதன் விதைத்தோல் கடினமானது என்பதால் 80 டிகிரிச் சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் வைத்து, பின் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். விதைத்த கட்டத்தை முதல் ஆண்டு மேய்க்கக் கூடாது.

சீமைக்கருவேலம் உள்ள காட்டில் அதன் நெற்றைத் தின்ற ஆடு, விதையைப் புழுக்கையோடு நிலமெங்கும் போடும். நெற்று முற்றும் முன் மரத்தை வேரோடு எடுத்துவிடுங்கள்.

சுழற்சி மேய்ச்சலால் உலகத்தின் கரியமிலச் சிக்கலே தீர்ந்துவிடும் என்ற அளவுக்கு ஜிம்பாப்வே நாட்டுச் சூழலியலாளர் ஆலன் சேவரி போன்றோர் பேசியதை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. நானும் அதை நம்பி இதைப் பரிந்துரைக்கவில்லை. அடியும் மூடியும் இல்லாத ஒரு தகர டப்பாவை மண்ணில் பாதி இறக்கி, ஒரு லிட்டர் நீர் ஊற்றி, அது இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஆண்டுதோறும் அதே இடத்தில் குறித்து வாருங்கள். அந்த எண் குறைந்தால் முறை பலிக்கிறது.

கோடைக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

முன்பு சொன்ன 195 நாளுக்கு, நாளுக்கு 28 கிலோ வீதம், ஏறத்தாழ ஐந்தரை டன் உலர்தீவனம் வேண்டும். சோளத்தட்டுப் போர், கொள்ளுப் பொட்டு, கோடையில் உதிரும் வெள்வேலங்காய் ஆகியவை இதில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். சோளத்தட்டு போதாதபோது தாளடியில் துளிர்த்த இளஞ்சோளத்தில் மாட்டை விடுவோர் உண்டு. அதில் உள்ள நச்சு சில நிமிடங்களில் மாட்டைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

தை பிறந்ததும் சட்டத்தை எடுத்துக்கொண்டு மறுபடி காட்டுக்குள் இறங்குங்கள். நிற்கும் புல்லையும் போரில் உள்ள தட்டையும் கூட்டி, 28 ஆல் வகுத்து, அடுத்த மழைவரை வருமா என்று பாருங்கள். வராது என்றால் கிடாக்குட்டிகளையும் பல்போன ஆடுகளையும் மாசிக்குள் விற்றுவிடுவது நல்லது. நல்ல காங்கேயம் காளைக்குக் கண்ணபுரத்துச் சித்திரைச் சந்தைவரை காத்திருப்பதில் நியாயம் உண்டு. சாதாரண ஆட்டுக்கு அப்படிக் காத்திருந்தால், காடு காய்ந்த எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வரும்போது மெலிந்த உடம்புக்கு மெலிந்த விலைதான் கிடைக்கும்.