"என் மெஷினில் ஓடியதே!": குறியீட்டுக் கணித நிரல்களைப் பகிரும்போது செய்யும் தவறுகள்

ஒரு நாள் மாலை, ஆய்வகத்தில் ஜூனியர் ஒருவருக்கு, மாக்ஸிமா என்ற கணித மென்பொருளுக்காக நான் எழுதிய கோப்பு ஒன்றைக் கொடுத்தேன். ஐம்பது அறுபது தொகையீடுகளை வரிசையாகப் போட்டு, விடைகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கும் சின்ன நிரல். "ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போங்க, காலையில விடை இருக்கும்" என்று சொல்லியும் அனுப்பினேன். காலையில் பார்த்தால் விடைக் கோப்பில் மூன்றே வரிகள். திரையில் மாக்ஸிமா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் பதிலுக்காகக் காத்திருந்தது. ஏ என்பது மிகையா, குறையா, பூஜ்ஜியமா?

என் கணக்கில் அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. ஈ-யின் அடுக்கில் மைனஸ் ஏஎக்ஸ் இருக்கும் சார்பை 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் 1/ஏ என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவோம். ஏ மிகையாக இருந்தால்தான் அது சரி என்பதை மறந்துவிடுவோம். மாக்ஸிமா மறக்காது, கேட்கும். எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று தோண்டிப் பார்த்தேன். மாக்ஸிமா தொடங்கும்போதே படிக்கிற தொடக்கக் கோப்பு ஒன்று என் ஹோம் ஃபோல்டரில் இருந்தது. எப்போதோ ஓர் அவசரத்தில், ஏ பூஜ்ஜியத்தைவிடப் பெரியது என்று வைத்துக்கொள் என ஒரு வரியை அதில் எழுதியிருக்கிறேன். எழுதிய நினைவே இல்லை. நிரலைக் கொடுத்த நான் அந்த வரியைக் கொடுக்கவில்லை.

எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள்களில், அதாவது மாக்ஸிமா, சிம்பை, சேஜ், மேப்பிள், மேத்தமேட்டிகா போன்றவற்றில், பகிர்வு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ரகம்தான். கொடுத்தவரின் கணினியில் இருந்த ஏதோ ஒன்று கொடுத்த கோப்பில் இருக்காது. மற்ற நிரல்களில் இப்படி ஆனால் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்துவிடும். இங்கே சத்தமே இல்லாமல் வேறு விடை வரும்.

ஒளிந்திருக்கும் அனுமானங்கள்

அதே தொகையீட்டைச் சிம்பையிடம் கொடுத்தால் அது கேள்வி கேட்காது. "ஏ இப்படியிருந்தால் 1/ஏ, இல்லையென்றால் தொகையீடு அப்படியே" என்று இரண்டு கிளையாகப் பிரித்துத் தந்துவிடும். அந்த இரட்டை விடை அடுத்த வரிக்கும் அதற்கடுத்த வரிக்கும் போய், பத்தாவது வரியில் ஒரு பக்க நீளத்துக்குப் பெருத்து நிற்கும். ஏ மிகை என்று மாறியை அறிவிக்கும்போதே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

சிம்பையில் இதைவிட மோசமான ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் உங்கள் கோப்பில் எக்ஸ் என்று சும்மா அறிவிக்கிறீர்கள். நண்பர் அவர் கோப்பில் எக்ஸ் மிகை எண் என்று அறிவிக்கிறார். திரையில் இரண்டும் ஒரே எழுத்துதான். சிம்பைக்கோ அவை இரண்டு வேறு மாறிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் பூஜ்ஜியம் வராது, எக்ஸ் கழித்தல் எக்ஸ் என்றே நிற்கும். முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் மென்பொருளில் பிழை என்றுதான் நினைப்பார்கள். இருவர் மூவர் சேர்ந்து எழுதும் வேலை என்றால், மாறிகளை எல்லாம் ஒரே கோப்பில் அறிவித்து, மற்ற எல்லாக் கோப்புகளும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். ஆளாளுக்கு அறிவிக்க விட்டால் குழப்பம்தான்.

தொடக்கக் கோப்புச் சிக்கலுக்கு நான் கண்ட வழி எளிது. ஆய்வகக் கணினியில் 'விருந்தாளி' என்று ஒரு காலிப் பயனர் கணக்கு திறந்து வைத்திருக்கிறேன். எந்த அமைப்பும் கிடையாது, எந்தத் தொடக்கக் கோப்பும் கிடையாது. யாருக்காவது எதையாவது கொடுப்பதற்கு முன் அந்தக் கணக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். பாதி நேரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நோட்புக்கை அப்படியே அனுப்புவது

நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக் ஒரு வசதி, அதுவே ஒரு வம்பும்கூட. ஏழாவது கட்டத்தை ஓட்டிவிட்டு மூன்றாவதுக்குப் போய்த் திருத்தி, நடுவில் ஒன்றை அழித்தும் விடுகிறோம். அழித்த கட்டத்தில் இருந்த மாறி, பின்னணியில் நிரலை ஓட்டும் கெர்னலின் நினைவில் உயிரோடுதான் இருக்கும். நமக்கு எல்லாம் ஓடும். வாங்கியவருக்கு இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடும். கட்டங்களின் பக்கத்தில் இருக்கும் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக இல்லாமல் 14, 3, 27 என்று இருந்தால் அந்த நோட்புக்கை நம்பாதீர்கள். அனுப்பும் முன் கெர்னலை மறுபடி தொடங்கி, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓட்டிப் பாருங்கள்.

எந்த வடிவத்தில் கொடுப்பது

சிலர் விடையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். நாற்பது உறுப்புகள் உள்ள கோவையைப் படத்தைப் பார்த்து யார் தட்டச்சு செய்வது? வேர்டில் ஒட்டி அனுப்பினால் நேர் மேற்கோள்குறி வளைந்துவிடும், கழித்தல்குறி சில சமயம் நீளக் கோடாகிவிடும். மறுபடி ஓட்டினால் மென்பொருளுக்கு அது புரியாது.

இன்னொரு பக்கம், வேகமாகத் திறக்கிறது என்பதற்காக மேத்தமேட்டிகாவின் எம்எக்ஸ் கோப்பாகச் சேமித்துக் கொடுப்பார்கள். எந்த வகைக் கணினியில் சேமித்தோமோ அதே வகைக் கணினியில் திறப்பதற்கான வடிவம் அது. லினக்ஸ் வொர்க்ஸ்டேஷனில் சேமித்ததை வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் திறக்கலாம் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். சிம்பை ஓடும் பைத்தான் மொழியில், மாறிகளை அப்படியே கோப்பில் சேமிக்கப் பிக்கிள் என்று ஒன்று உண்டு. பெயருக்கு ஊறுகாய், ஆனால் நம் வீட்டு ஊறுகாய் போலப் பல வருஷம் தாங்காது. சிம்பையின் வெர்ஷன் மாறினால் திறக்காமல் போகலாம். அதோடு, முன்பின் தெரியாதவர் கொடுத்த பிக்கிளைத் திறப்பது அவர் எழுதிய நிரலை உங்கள் கணினியில் ஓட்டுவதற்குச் சமம்.

எழுத்து வடிவம்தான் நல்லது. சிம்பையில் எஸ்ரெப்ர் என்ற செயல்பாடு, கோவையை மாறிகளின் அனுமானங்களோடு சேர்த்து எழுத்தாகத் தந்துவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எதுவும் தொலையாது. ஒரு எச்சரிக்கை: எழுத்தைத் திரும்பக் கோவையாக்கும் சிம்பிஃபை உள்ளுக்குள், எந்த எழுத்தையும் நிரலாகவே ஓட்டிவிடும் ஈவாலைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் இங்கேயும் யார் கொடுத்தது என்று பார்த்துத்தான் திறக்க வேண்டும்.

ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டுவது

சேஜில் 2^3 என்றால் 8. அதே வரியைப் பைத்தானில் சிம்பை வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால் 1 என்று வரும். பைத்தானில் அந்தக் கூரைக் குறி அடுக்கு அல்ல, இரும எண்களின் பிட்டுகளை ஒப்பிடும் வேலை அதற்கு. சேஜ் உங்கள் வரியைப் பைத்தானிடம் கொடுக்கும் முன்னால் தானே திருத்திவிடுகிறது, அதனால் அங்கே இருந்தவரை தெரியவே இல்லை. 1/3 கதையும் இதேதான். சேஜில் அது பின்னம், வெறும் பைத்தானில் 0.333 என்று தசமம். எக்ஸின் கனமூலம் தசம அடுக்காகி, அதற்கு மேல் எதுவும் ஒழுங்காகச் சுருங்காது.

மாக்ஸிமாவில் பை-க்கு முன்னால் சதவீதக் குறி போட வேண்டும். போடாவிட்டால் பை என்பது இன்னொரு சாதாரண மாறி, சைன் பை பூஜ்ஜியமாகாது. மதிப்பைக் கொடுப்பதற்கு மாக்ஸிமாவில் முக்காற்புள்ளி, மேப்பிளில் முக்காற்புள்ளியோடு சமக்குறி. வெறும் சமக்குறி போட்டால் இரண்டிலும் அது சமன்பாடு, மதிப்பு எதுவும் ஏறாது. இதில் எதற்கும் பிழைச்செய்தி வராது என்பதுதான் கொடுமை.

வெர்ஷனும் அப்படித்தான். சேஜ் 2020 ஜனவரியில் வந்த 9.0 வெர்ஷனோடு பைத்தான் 3-க்கு மாறியது. அதற்கு முந்தைய பழைய வொர்க்‌ஷீட்கள் அச்சிடும் கட்டளையிலேயே திணறும். கோப்பின் தலையில் மென்பொருளின் பெயர், வெர்ஷன், தேதி என்று ஒரு வரி போட்டால் போதும். பைத்தான் என்றால் தேவைப்படும் பொதிகளின் (பேக்கேஜ்) பட்டியலையும் வெர்ஷனோடு வையுங்கள்.

நிறுவுவது

ஆய்வகக் கணினியில் நிர்வாகியின் ரூட் பாஸ்வேர்ட் கையில் இருக்கிறது என்பதற்காக, கணினியின் சொந்தப் பைத்தானிலேயே பொதிகளைக் கொட்டாதீர்கள். அதை நம்பி இயங்குதளத்தின் வேறு கருவிகள் இருக்கின்றன. டெபியன் 12 போன்ற லினக்ஸ் வகைகள் இப்போது, பொதிகளை நிறுவும் பிப்பை அந்த இடத்தில் நிறுவவே விடுவதில்லை. மிரட்டி நிறுவ ஒரு வழி உண்டு, அதைத் தேடிப் போகாதீர்கள். தனிச் சூழல் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சூழல் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து அடுத்த கணினியில் போடுவது இன்னொரு தவறு. அதற்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும், இடம் மாறினால் வேலை செய்யாது. பட்டியலைக் கொடுங்கள், அவர் அங்கே புதிதாக உருவாக்கிக்கொள்ளட்டும்.

பொதுக் கணினியின் நினைவகத்தை விழுங்குவது

குறியீட்டுக் கணிதத்தில் கேள்வி சின்னதாக இருக்கும், விடையும் சின்னதாக இருக்கலாம், நடுவழியில் வருவது மட்டும் பூதம். நான்கு மாறிகளைக் கூட்டி 100-ஆம் அடுக்குக்கு விரித்தால் 1,76,851 உறுப்புகள். இதைத் தாங்கலாம். ஆறு மாறிகளைக் கூட்டி 50-ஆம் அடுக்கு என்றால் 34,78,761. பத்துக்குப் பத்து அணியில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தனி எழுத்தைப் போட்டு அணிக்கோவை கேட்டால் 36,28,800 உறுப்புகள். தட்டச்சு செய்ய ஒரு வரிதான்.

பல சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க உதவும் க்ரோப்னர் அடித்தளம் இன்னும் மோசம். மிக மோசமான நிலையில் அதன் செலவு அடுக்குக்கு மேல் அடுக்காக ஏறும் என்று மேயரும் மையரும் 1982-இலேயே காட்டிவிட்டார்கள். நடைமுறையில் அவ்வளவு மோசமாகப் பெரும்பாலும் போகாது. ஆனால் உறுப்புகளை அகராதிச் சொற்களைப் போல அடுக்கும் அகராதி வரிசையில் நேரடியாகக் கேட்பவர்கள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நடக்கிறார்கள். படியை முதலில் பார்க்கும் தலைகீழ் அகராதி வரிசையில் போட்டுவிட்டு, தீர்வுகள் முடிவான எண்ணிக்கையில் இருந்தால் எஃப்ஜிஎல்எம் முறையில் அகராதி வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். பொதுவாக இது மிக வேகம். கிடைத்த அடித்தளத்தைக் கோப்பில் எழுதிப் பொது ஃபோல்டரில் வையுங்கள். ஒருவர் ஒரு ராத்திரி ஓட்டியதை இன்னொருவரும் ஓட்ட வேண்டியதில்லை.

பகிர்ந்து பயன்படுத்தும் வொர்க்ஸ்டேஷனில் ஒருவர் நினைவகத்தை நிரப்பினால், கணினி ஹார்ட் டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். மவுஸை நகர்த்த ஒரு நிமிஷம் ஆகும். கடைசியில் லினக்ஸே யாரோ ஒருவர் வேலையைக் கொன்றுவிடும். ஓட்டுவதற்கு முன் யூலிமிட் கட்டளையால் உங்கள் நிரலுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிடுங்கள். மீறினால் உங்கள் நிரல் மட்டும் சாகும், பக்கத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர் தப்பிப்பார். கணினி வாங்கும் குழுவில் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு கோரில்தான் ஓடும். 32 கோருக்குக் கொடுக்கும் பணத்தை ராமில் போட்டால் உருப்படியாக இருக்கும்.

லைசென்ஸ்

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு நெட்வொர்க் லைசென்ஸ் என்றால், ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று கணக்கு. வெள்ளிக்கிழமை ஜன்னலை மட்டும் மூடிவிட்டு கெர்னலை ஓடவிட்டுப் போனால், சனி ஞாயிறு முழுக்க ஒரு இடம் வீணாக அடைபட்டிருக்கும். கிராக் செய்த நகலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் வந்த விடையை ஆய்வுக் கட்டுரையில் எப்படிக் குறிப்பிடுவீர்கள்?

இலவச மென்பொருளில் வேறு தவறு நடக்கிறது. நாம் எழுதிய நிரலை எல்லாருக்கும் கொடுக்கிறோம், உரிமம் என்ன என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. எழுதாவிட்டால் சட்டப்படி யாரும் அதை மாற்றவோ மறுபடி பகிரவோ முடியாது. மாக்ஸிமாவின் கதையே இதற்குச் சாட்சி. அதன் மூதாதையான மேக்ஸைமா 1968-இல் எம்ஐடியில் தொடங்கியது (பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல). அமெரிக்க எரிசக்தித் துறையிடம் இருந்த நகலை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷெல்ட்டர் 1982-இலிருந்து பராமரித்துவந்தார். யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் அதை வெளியிட அவருக்கு அனுமதி கிடைத்தது 1998-இல். 2001-இல் அவர் காலமானார். அந்த அனுமதிக் கடிதத்தை அவர் வாங்கியிருக்காவிட்டால், இன்று லினக்ஸில் ஒரே கட்டளையில் மாக்ஸிமாவை நிறுவுகிறோமே, அது நடந்திருக்காது.

சரிபார்க்க ஒன்றும் கொடுக்காமல் விடுவது

சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிடச் சொன்னால் சிம்பை, சைன் வர்க்கத்தில் பாதி என்கிறது. மாக்ஸிமா, காஸ் வர்க்கத்தில் பாதிக்கு முன்னால் மைனஸ் போட்டுத் தருகிறது. இரண்டும் சரி. ஒரு மாணவி இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க எதில் பிழை என்று தேடிக்கொண்டிருந்தார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சுருக்கச் சொன்னால் 1/2 என்று ஒரு மாறிலி மட்டும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். விடையோடு இந்த மாதிரிச் சோதனை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்த மதியம் மிஞ்சியிருக்கும். தொகையீடு என்றால் விடையை வகையிட்டு மூலத்தைக் கழிக்கும் ஒரு வரி, சமன்பாடு என்றால் தீர்வைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒரு வரி. சுருக்கம் அடம்பிடித்தால் எக்ஸுக்கு 0.7, 1.3 என்று நாலு எண்களைப் போட்டு ஒப்பிடுங்கள். வர்க்கமூலமோ மடக்கையோ இருந்தால் குறை எண் ஒன்றையும் போடுங்கள், தகராறு பெரும்பாலும் அங்கேதான்.

அந்த ஐம்பது அறுபது தொகையீட்டுக் கோப்பு இப்போதும் பொது ஃபோல்டரில் இருக்கிறது. ஏ மிகை என்ற வரி அதன் தலையிலேயே இருக்கிறது. விருந்தாளி கணக்கில் ஓட்டினால் பதினோரு நிமிஷத்தில் கேள்வி கேட்காமல் முடிகிறது.