ஏசி பிளக் சூடாகிறதா? டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்ப்பது எப்படி

கத்திரி வெயிலில் சென்னையில் ஏசி விடிய விடிய ஓடும். பிளக் பாயிண்ட்டிலோ எம்.சி.பி.யிலோ (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) ஸ்க்ரூ லூஸாக இருந்தால் அந்த இடம் மட்டும் சூடேறும். கருகல் வாடை வரும்வரை தெரியாது. சூடான எதுவும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். அதில் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைகளைத்தான் தொடாமலே சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் கன் அளக்கிறது.

கொரோனா காலத்து நெற்றி கன் இதற்கு உதவாது. உடம்புச் சூட்டைத் தாண்டினால் கையை விரித்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இண்டஸ்ட்ரியல் கன் என்று கேளுங்கள். 12:1 என்று போட்டிருந்தால், 12 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது 1 செ.மீ. வட்டத்தின் சராசரி வரும். இரண்டடி தள்ளினால் 5 செ.மீ.; சுவரும் சேர்ந்துவிடும். லேசர் வெறும் குறிதான். கிட்டத்தில் பிடித்தால் புள்ளி ஓரிடத்திலும் அளக்கும் வட்டம் அதற்குச் சற்றுக் கீழேயும் விழும், ஆகவே கன்னை மெல்ல மேலும் கீழும் நகர்த்தி அதிகபட்ச எண்ணைப் பிடியுங்கள்.

அறை சூடாக இருக்கும்போதே ஏசியை 18-இல் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் பாதியானால் ஒயர் இணைப்பில் எழும் சூடு கால்வாசிதான், கோளாறு ஒளிந்துகொள்ளும். பிறகு பிளக்கின் முகம், ஒயர், எம்.சி.பி. என்று வரிசையாகப் பாருங்கள். எம்.சி.பி.கள் இருக்கும் டிபி பாக்ஸின் கண்ணாடிபோன்ற மூடியைத் திறந்துவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியின் சூடுதான் வரும். உள்கவரைக் கழற்றாதீர்கள், உள்ளே கரண்ட் இருக்கும்.

எண்ணைவிட வித்தியாசம்தான் பேசும். இன்னொரு அறையின் அதே அளவு ஏசியோடு ஒப்பிடுங்கள். 15 டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக் பக்கம் சூடாகி, ஒயரில் தள்ளிப்போகப் போகக் குறைந்தால் லூஸ் கனெக்‌ஷன். ஒயர் நெடுகச் சூடாக இருந்தால் லோடுக்கு ஒயர் பத்தவில்லை.

பளபளக்கும் உலோகத்தை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் கொதிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை 50-க்குள் காட்டும்; அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அங்கே அளந்தால் 90-ஐத் தாண்டும். பிளக்கின் பித்தளைப் பின்னும் அப்படித்தான், அதனால் பிளாஸ்டிக்கைக் குறிவையுங்கள். உள்ளே அதைவிடச் சூடு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட் ஓட்டை பழுப்பேறியிருந்தால் ஸ்க்ரூவை முறுக்கிப் பயனில்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டோடு பிளக்கையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய பிளக்கின் கருகிய பித்தளைப் பின் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். மாற்றியபின் அதே 18-இல், அதே அரை மணி நேரம் ஓட்டி மறுபடி அளக்கவும்.